தையல் மெஷினில் பிறந்த ரத்தக்குழாய்!

குட்டீஸ்... நீங்கள் போட்டிருக்கும் பனியனை இரண்டு கைகளாலும் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள். இழுக்கிற பக்கமெல்லாம் நீள்கிறது. விட்டதும் பழையபடி சுருங்கிக் கொள்கிறது. அடுத்து, பள்ளிச் சீருடைச் சட்டையை இழுத்துப் பாருங்கள். அது அவ்வளவாக நீளாது.

ஏன் இந்த வித்தியாசம் தெரியுமா?

சட்டைத் துணி, தறியில் நெய்தது. பாவு நூல் நீளவாக்கில் ஓடும். ஊடை நூல் குறுக்கே போகும். இரண்டும் ஒன்றையொன்று நெருக்கமாகக் கட்டிப் பிடித்துக் கொள்ளும். பனியன் துணி அப்படி அல்ல. நூல் வளைந்து வளைந்து, கண்ணி கண்ணியாகக் கோத்துக் கொண்டே போகும். கண்ணிகள் விரிந்து கொடுப்பதால், துணியும் நீள்கிறது.

திருப்பூர் பக்கத்துச் சுட்டிகளுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு! முதலிபாளையத்தில் சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது. பின்னலாடைத் தொழிலைச் சொல்லித் தர ஒரு கல்லூரியும் அங்கே இருக்கிறது. வட்ட வடிவ நிட்டிங் மெஷின் ஓடும்போது பார்த்திருக்கிறீர்களா? மேலே நூல் போகும். கீழே துணி நீளமான குழாய் போல இறங்கி வரும்.

அப்படி ஒரு துணிக் குழாயை, மனித உடம்புக்குள் வைத்துத் தைத்து, அதன் வழியாக ரத்தத்தை ஓட விட முடியுமா? முடியும்! அதைச் செய்து காட்டி, ஏராளமான உயிர்களைக் காப்பாற்றியவர்தான் டாக்டர் மைக்கேல் டிபேக்கி. நீங்களெல்லாம் பிறப்பதற்கு முன்பே மறைந்துவிட்ட இந்த அமெரிக்க மருத்துவரின் கதையைக் கேளுங்கள்.

அம்மா கற்றுக் கொடுத்த தையல்

அமெரிக்காவில் லூசியானா மாநிலம், லேக் சார்லஸ் என்ற ஊரில், 1908ம் ஆண்டு செப்டம்பர் 7ம் தேதி பிறந்தார் மைக்கேல். இவரது பெற்றோர், லெபனான் நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்து குடியேறியவர்கள். அப்பா மருந்துக்கடை நடத்தினார். அம்மா, தையல் கலையில் கெட்டிக்காரர். அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு வீட்டிலேயே தையல் சொல்லிக் கொடுத்தார்.

அம்மா சொல்லிக் கொடுப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்த சிறுவன் மைக்கேலும், தையல், பின்னல் எல்லாவற்றையும் கற்றுக் கொண்டான். பத்து வயதிலேயே தன் சட்டையைத் தானே வெட்டித் தைக்கத் தெரிந்து விட்டது. தையல் பெண்பிள்ளைகளின் வேலை என்று ஒதுங்கி இருந்தால், பிற்பாடு நடந்த எதுவும் நடந்திருக்காது.

அந்த வீட்டில் இன்னொரு நல்ல வழக்கமும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில், ஊரில் இருந்த அனாதைக் குழந்தைகள் இல்லத்துக்குத் துணிமணிகளும், தின்பண்டங்களும் கொண்டு போய்க் கொடுப்பார்கள். ஒருநாள், தனக்குப் பிடித்தமான தொப்பியும் அந்தத் துணி மூட்டையில் இருப்பதைப் பார்த்து, மைக்கேல் முரண்டு பிடித்தான். உன்னிடம் நிறையத் தொப்பிகள் இருக்கின்றன. அந்தக் குழந்தைகளிடம் ஒன்று கூட இல்லை என்று அம்மா எடுத்துச் சொன்னதும், பேசாமல் விட்டுக் கொடுத்தான். இந்தச் சம்பவத்தைக் கடைசி வரை அவர் மறக்கவில்லை.

படிப்பிலும் சுட்டி. நூலகத்தில் கலைக்களஞ்சியத்தைப் பார்த்து ஆசைப்பட்டான். அதை வீட்டுக்கு இரவல் தர மாட்டார்கள் என்று தெரிந்ததும், பெற்றோர் ஒரு முழுத் தொகுப்பையே விலைக்கு வாங்கித் தந்தனர். கல்லூரிக்குப் போவதற்குள், அத்தனை தொகுதிகளையும் படித்து முடித்து விட்டான்.

மாணவராக இருந்தபோதே ஒரு கண்டுபிடிப்பு

நியூ ஆர்லியன்ஸ் நகரில், துலேன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார் டிபேக்கி. 1932ல், மாணவராக இருந்தபோதே, ரத்தத்தை ஒரே சீராகச் செலுத்தும் உருளை பம்ப் ஒன்றை உருவாக்கினார். வளைந்த ரப்பர் குழாயை, சுழலும் உருளைகள் அமுக்கிக் கொண்டே போகும். பற்பசை டியூபைக் கீழிருந்து மேலாக அழுத்துவோமே, அது போல உள்ளே இருக்கும் ரத்தம் முன்னே தள்ளப்படும். ரத்தம் குழாயைத் தவிர, பம்பின் வேறு எந்தப் பாகத்தையும் தொடாது.

சுமார் 20 ஆண்டுகள் கழித்து, 1953ல் டாக்டர் ஜான் கிப்பன், இதய - நுரையீரல் இயந்திரத்தின் உதவியோடு இதய அறுவைச் சிகிச்சையை வெற்றிகரமாகச் செய்தார். இதயத்தை நிறுத்தி வைத்துவிட்டு, அதன் வேலையை வெளியே ஓர் இயந்திரம் பார்த்துக் கொள்ளும் முறை அது. அந்த இயந்திரத்திலும் உருளை பம்ப் இருந்தது!

1939ல், தன் குருவான டாக்டர் ஆல்டன் ஆக்ஸ்னருடன் சேர்ந்து, புகை பிடிப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கிறது என்று எழுதினார். அந்தக் காலத்தில் பல மருத்துவர்களே சிகரெட் பிடித்துக் கொண்டிருந்தனர். அதனால், இவர்களைக் கேலி செய்தவர்கள்தான் அதிகம். அவர்கள் சொன்னது எவ்வளவு உண்மை என்று இன்றைக்கு உலகத்துக்கே தெரியும்.

உப்பிய ரத்தக்குழாய்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். நம் இதயம், நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. அந்த ரத்தம் முதலில் நுழையும் குழாய்தான், உடம்பிலேயே பெரிய ரத்தக்குழாய். அதைப் பெருந்தமனி என்பார்கள். இதயத்தில் தொடங்கி, மேலே வளைந்து, மார்பு வழியாக வயிற்றுக்கு இறங்கி, அங்கே இரண்டாகப் பிரிந்து கால்களுக்குப் போகிறது.

சைக்கிள் டியூபில் ஓரிடம் மட்டும் நைந்து போயிருந்தால் என்ன ஆகும்? காற்றடிக்கும்போது அந்த இடம் மட்டும் முட்டை போல உப்பும். பெருந்தமனியின் சுவர் ஓரிடத்தில் நைந்தாலும் இதே கதிதான். ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உப்பிக் கொண்டே போகும். ஒருநாள் வெடித்தால், உயிர் பிழைப்பது மிகவும் கஷ்டம்.

உலகமே கொண்டாடிய விஞ்ஞானி ஆல்பர்ட் ஐன்ஸ்டீனுக்கும் இந்த நோய் இருந்தது. 1948ல் அவரது வயிற்றைத் திறந்து பார்த்த மருத்துவர், உப்பிய இடத்தைச் சுற்றி செலோபேன் தாளைச் சுற்றி விட்டார். அந்தத் தாள் உறுத்துவதால், சுற்றிலும் தழும்பு போன்ற தசை வளர்ந்து குழாயை இறுக்கிப் பிடிக்கும் என்பது கணக்கு. சில ஆண்டுகள் அது தாங்கியது. 1955 ஏப்ரலில் அந்த வீக்கம் வெடித்தது. மறுபடி அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்று ஐன்ஸ்டீன் சொல்லிவிட்டார். ஏப்ரல் 18ம் தேதி, 76வது வயதில் இறந்தார்.

நைந்த குழாயை வெட்டி எடுத்துவிட்டு, வேறு குழாயைப் பொருத்தினால்தான் நிரந்தரத் தீர்வு. அந்த வேறு குழாய்க்கு எங்கே போவது? இறந்து போனவர்களின் உடலிலிருந்து ரத்தக்குழாயை எடுத்துப் பொருத்திப் பார்த்தனர். தேவையான அளவில், தேவையான நேரத்தில் அது கிடைக்கவில்லை. கிடைத்ததும், நாளடைவில் நைந்து போனது.

கைகொடுத்த பட்டு நூல்

இந்த நேரத்தில், நியூயார்க்கில் ஆர்தர் வூர்ஹீஸ் என்ற இளம் மருத்துவர் ஓர் அதிசயத்தைக் கவனித்தார். பரிசோதனைக்காக அறுவைச் சிகிச்சை செய்யப்பட்ட நாய் ஒன்றின் இதய அறைக்குள், பட்டு நூல் ஒன்று தவறிப் போய் நின்று விட்டிருந்தது. சில மாதங்கள் கழித்துப் பார்த்தால், நூல் முழுவதும் பளபளப்பான மெல்லிய சவ்வு மூடியிருந்தது. வெளியே இருந்து வந்த நூலை, உடம்பு தன்னுடையதாகவே ஏற்றுக் கொண்டு, அதற்குப் பூச்சுப் பூசி விட்டது!

ஒரு நூலுக்கு இப்படி என்றால், துணிக் குழாய்க்கும் உடம்பு பூச்சுப் பூசாதா என்று யோசித்தார் வூர்ஹீஸ். பாராசூட் செய்யப் பயன்பட்ட வின்யான் என்ற செயற்கை இழைத் துணியில் குழாய் தைத்து, விலங்குகளுக்குப் பொருத்திப் பார்த்தார். 1952ல் தன் கூட்டாளிகளுடன் சேர்ந்து அதை வெளியிட்டார். துணி ரத்தக்குழாய்க்கு வழி திறந்தது. ஆனால், வின்யான் நீண்ட காலம் உழைக்கவில்லை. எந்தத் துணி சரிப்படும் என்ற கேள்வி பாக்கி நின்றது.

ஜவுளிக்கடையில் கிடைத்த அதிர்ஷ்டம்

டிபேக்கி, 1948 முதல் டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டன் நகரில், பேலர் மருத்துவக் கல்லூரியில் வேலை பார்த்து வந்தார். அவரும் துணி தேடிப் புறப்பட்டார். எங்கே தெரியுமா? ஊரில் இருந்த பெரிய ஜவுளிக்கடைக்கு!

அவர் கேட்டது நைலான். கடையில் நைலான் தீர்ந்து போயிருந்தது. அதற்குப் பதிலாக, புதிதாக வந்திருந்த டெக்ரான் என்ற துணியைக் காட்டினார் கடைக்காரர். தொட்டுப் பார்த்து, பிடித்துப் போய், சில கஜம் வாங்கி வந்தார். டெக்ரான் என்பது பாலியெஸ்டர்தான். உங்கள் தாத்தா காலத்து டெரிலின் சட்டை, இன்றைய தண்ணீர் பாட்டில் எல்லாம் அதே பொருளில் செய்தவை.

வீட்டுக்கு வந்தவர், மனைவியின் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தார். இரண்டு துண்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, இரு ஓரங்களையும் தைத்தார். குழாய் தயார்! அம்மாவிடம் கற்ற தொழில் கைகொடுத்தது. ரத்தக்குழாய் கால்களுக்குப் பிரியும் இடத்துக்கு, பேன்ட் போல இரண்டு கால் வைத்தும் தைத்தார். விலங்குகளிடம் சோதித்துப் பார்த்து, 1950களின் நடுவில் நோயாளிகளுக்குப் பொருத்தத் தொடங்கினார்.

நைலான் கிடைக்காமல் போனது எவ்வளவு நல்லது என்று பிறகுதான் தெரிந்தது. நைலான், உடம்புக்குள் இருக்க இருக்க வலுவை இழந்து விடும். டெக்ரான் ஆண்டுக்கணக்கில் தாங்கும்!

டாக்டரும் நிட்டிங் மெஷினும்

கையால் தைத்த குழாயில் சில தொல்லைகள் இருந்தன. தையல் போட்ட ஓரம் தடிப்பாக இருந்தது. ஒவ்வொன்றையும் டாக்டரே உட்கார்ந்து தைத்துக் கொண்டிருக்கவும் முடியாது. எனவே, பிலடெல்பியாவில் இருந்த ஜவுளிப் பொறியாளர் தாமஸ் எட்மனின் உதவியைத் தேடினார் டிபேக்கி. தையலே இல்லாமல், குழாயாகவே பின்னித் தள்ளும் நிட்டிங் மெஷினை எட்மன் உருவாக்கினார். இரண்டு கால் வைத்த குழாயும் அப்படியே பின்ன முடிந்தது.

குழாய் வளையும்போது மடிந்து, அடைத்துக் கொள்ளக் கூடாது அல்லவா? அதற்காகச் சுற்றிலும் சின்னச் சின்ன மடிப்புகள் வைத்தனர். குளிர்பானம் குடிக்கும் வளையும் ஸ்ட்ராவில், கழுத்துப் பகுதியில் மடிப்பு மடிப்பாக இருக்குமே, அதே உபாயம்தான்.

ஒழுகலை அடைத்தது எது?

இப்போது உங்களுக்கு ஒரு புதிர். பின்னல் துணியில் கண்ணிக்குக் கண்ணி ஓட்டை இருக்கிறது. அதில் தண்ணீரை ஊற்றினாலே ஒழுகும். இதயம் வேகமாகத் தள்ளும் ரத்தம் ஒழுகாதா?

ஒழுகும்! நெருக்கமாக நெய்த துணியில் ஒழுகல் குறைவு. ஆனால், அது விறைப்பாக இருக்கும். ஊசி போட்டுத் தைப்பது சிரமம். வெட்டிய ஓரத்தில் நூல் பிரியும். பின்னல் துணி மெத்தென்று வளைந்து கொடுக்கும். அதோடு, ஓட்டைகள் இருந்தால்தான் உடம்பின் திசுக்கள் அதற்குள் புகுந்து வளர்ந்து, குழாயைக் கெட்டியாகப் பிடித்துக் கொள்ளும். ஓட்டை வேண்டும்; ஒழுகவும் கூடாது. என்ன செய்வது?

விடை, நோயாளியின் ரத்தத்திலேயே இருந்தது. விரலில் காயம் பட்டால், சற்று நேரத்தில் ரத்தம் உறைந்து காயத்தை அடைத்து விடுகிறது அல்லவா? அறுவைச் சிகிச்சை தொடங்கியதும், நோயாளியின் ரத்தத்தில் கொஞ்சம் எடுத்து, துணிக் குழாயை அதில் ஊற வைத்தனர். ரத்தம் கண்ணிகளுக்குள் புகுந்து, உறைந்து, ஓட்டைகளை அடைத்துக் கொண்டது. பிறகு குழாயைப் பொருத்தினால் ஒழுகாது. நாட்கள் செல்லச் செல்ல, உறைந்த ரத்தம் கரைய, அந்த இடத்தை உடம்பின் திசு பிடித்துக் கொள்ளும்.

ஆனால், ரத்தம் பெருகி ஓடும் அவசர நேரத்தில், ஊற வைத்துக் காத்திருக்க முடியுமா? அதனால் பின்னாளில், தொழிற்சாலையிலேயே பூச்சுப் பூசிய குழாய்கள் வந்தன. தோலிலும், எலும்பிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் அல்லது ஜெலட்டினை அதன் மேல் பூசினர். ஒழுகலை உடனே அடைக்கும் இந்தப் பூச்சு, சில வாரங்களில் தானாகவே கரைந்து, உடம்பின் திசு வளர இடம் விடும். ரத்தம் குழாய்க்குள் கட்டி சேராமல் இருக்க, ஹெப்பாரின் என்ற மருந்தைப் பூசிய குழாய்களும் வந்தன.

இப்படி, சும்மா மூடிக் கொண்டிருக்காமல், உடம்போடு சேர்ந்து வேலை செய்யும் பூச்சுகளை, உயிரியல் செயல்திறன் கொண்ட பூச்சுகள் என்கின்றனர். இடுப்பு மூட்டு மாற்றும்போது எலும்புக்குள் செருகும் டைட்டேனியம் தண்டின் மேல், ஹைட்ராக்ஸி அபடைட் என்ற தாதுவைப் பூசுவது உண்டு. நம் எலும்பிலும், பல்லிலும் இருப்பதைப் போன்ற கால்சியம் தாது அது. எலும்பு அதைத் தன் இனமாக நினைத்து, ஒட்டி வளர்ந்து விடும். இதயக் குழாய் அடைப்பை விரிக்க வைக்கும் ஸ்டென்டுகளின் மேல், மறுபடி அடைப்பு வராமல் தடுக்கும் மருந்தைப் பூசுகின்றனர். வீட்டுச் சுவருக்கு அடிக்கும் பெயின்ட் அழகுக்கு. இந்தப் பூச்சோ உயிருக்கு!

முன்னாள் ராஜா வந்தார்

டிபேக்கியின் புகழ் பரவியது. 1936ல் சில மாதங்கள் பிரிட்டனின் மன்னராகவும், அதனால் நம் இந்தியாவுக்கும் சக்கரவர்த்தியாகவும் இருந்து, பதவியை விட்டு விலகியவர் எட்டாம் எட்வர்டு. அவருக்கும் ஐன்ஸ்டீனுக்கு வந்தது போலவே வயிற்றில் பெருந்தமனி உப்பியது. 1964 டிசம்பரில் ஹூஸ்டனுக்கு வந்தார். உப்பிய பகுதியை நீக்கிவிட்டு, டெக்ரான் குழாயைப் பொருத்தினார் டிபேக்கி. எட்வர்டு பிழைத்து, 1972 வரை வாழ்ந்தார். பத்தே ஆண்டுகளில் எத்தனை பெரிய மாற்றம் பார்த்தீர்களா?

தன் வாழ்நாளில், 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு அவர் அறுவைச் சிகிச்சை செய்ததாகச் சொல்வர். ராஜாவுக்கும், சாதாரணத் தொழிலாளிக்கும் ஒரே கவனம்தான். உடன் வேலை செய்தவர்களிடம் மட்டும் ரொம்பக் கண்டிப்பு. சின்னத் தவறையும் பொறுக்க மாட்டார். பயிற்சி மருத்துவர்கள் அவரைக் கண்டாலே நடுங்குவர்.

அவரது கண்டுபிடிப்பே அவரைக் காப்பாற்றியது!

2005 டிசம்பர் 31. டிபேக்கிக்கு அப்போது 97 வயது. வீட்டில் தனியாக உட்கார்ந்து, ஒரு சொற்பொழிவுக்குத் தயார் செய்து கொண்டிருந்தார். திடீரென்று மார்பிலும், கழுத்திலும் தாங்க முடியாத வலி. என்ன நோய் என்று யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. பெருந்தமனியின் உள்சுவர் கிழிந்து விட்டது! அந்த நோயை வகை பிரித்து, உலகத்துக்கே பாடம் சொன்னவர் அவர்தானே... இன்றும் அந்த வகைப்பாடு அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது.

தன் வயதில் அறுவைச் சிகிச்சை செய்தால், பிழைத்தாலும் முடங்கிப் போய்விடுவோமோ என்று அவர் பயந்தார். வேண்டாம் என்று மறுத்தார். வாரங்கள் போயின, ரத்தக்குழாய் உப்பிக் கொண்டே போனது. 2006 பிப்ரவரியில் நினைவு இழக்கும் நிலைக்கு வந்து விட்டார்.

மருத்துவமனையில் பெரிய விவாதம். அவர் முன்பு வேண்டாம் என்றாரே, அதை மதிப்பதா? அல்லது உயிரைக் காப்பாற்ற முயல்வதா? அவ்வளவு வயதானவருக்கு அப்படி ஒரு சிகிச்சையைச் செய்யலாமா? சில மருத்துவர்கள் தயங்கினர். மனைவி கத்ரின், உடனே செய்யச் சொல்லி வற்புறுத்தினார். மருத்துவமனையின் நெறிமுறைக் குழு கூடிச் சம்மதம் தந்தது.

பிப்ரவரி 9ம் தேதி இரவு, பல ஆண்டுகள் அவரோடு வேலை பார்த்த டாக்டர் ஜார்ஜ் நூன் கத்தியை எடுத்தார். சுமார் ஏழு மணி நேரம் நடந்தது சிகிச்சை. கிழிந்த பகுதியை எடுத்துவிட்டு, அதற்குப் பதில் பொருத்தியது எதை என்று நினைக்கிறீர்கள்? அதே டெக்ரான் குழாயை! எந்த மெஷினில் முதல் குழாயைத் தைத்தாரோ, அந்த வழியில் வந்த குழாயே அவர் மார்புக்குள் போனது.

உடனே குணமாகி விடவில்லை. செயற்கைச் சுவாசம், நோய்த்தொற்று என்று மாதக்கணக்கில் மருத்துவமனையில் கஷ்டப்பட்டார். ஆனால் எழுந்து வந்தார். மீண்டும் வேலைக்கும் போனார். சிகிச்சை செய்தது சரிதான் என்று பிறகு மகிழ்ந்தார். 2008 ஏப்ரலில், அமெரிக்க நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கத்தை நேரில் பெற்றுக் கொண்டார். அதே ஆண்டு ஜூலை 11ம் தேதி, 100வது பிறந்தநாளுக்கு இரண்டு மாதங்கள் இருக்கும்போது, காலமானார்.

நம் ஊரிலும் துணி வைத்தியம்

நம் நாட்டிலும் இந்த வழியில் நடந்தவர்கள் உண்டு. திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில், டாக்டர் வலியத்தான் தலைமையில் உருவானது, சித்ரா இதய வால்வு. வெளிநாட்டு வால்வுகளை வாங்க வசதியில்லாத ஏழைகளுக்காகப் பல தோல்விகளைத் தாண்டி உருவாக்கியது அது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினர். உலோகமும், பிளாஸ்டிக்கும் சேர்ந்த அந்த வால்வை இதயத்தோடு வைத்துத் தைப்பது எப்படி? அதன் விளிம்பைச் சுற்றி இருக்கும் பாலியெஸ்டர் துணி வளையத்தில்தான் ஊசி போகிறது!

பார்த்தீர்களா குட்டீஸ்... ஓர் உயிரைக் காப்பாற்ற டாக்டர் மட்டும் போதாது. நூல் நூற்பவர், துணி பின்னுபவர், பூச்சுக்குப் பக்குவம் பார்க்கும் வேதியியலாளர், மெஷின் செய்யும் பொறியாளர் எல்லாரும் வேண்டும். உங்கள் வீட்டில் யாராவது தைத்துக் கொண்டிருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோர்க்கவாவது கற்றுக் கொள்ளுங்கள். பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய் வரும் அப்பா, அம்மாவிடம், கண்ணி எப்படி விழுகிறது, ஏன் அறுந்தால் ஓடுகிறது என்று கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். எந்தத் தொழிலையும் சின்னது என்று எண்ணி ஒதுக்காதீர்கள். மைக்கேலுக்கு அம்மா கற்றுக் கொடுத்த தையல், 97 வயதில் அவர் உயிரையே காப்பாற்றியதை மறக்க வேண்டாம்!